முதுகுவலி வைத்தியம்: ஒரு வருஷம் கழித்து என்ன ஆகும்? – வாசகர் கேள்வி பதில்

முதுகுத்தண்டு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். குவிந்துவிட்டன. நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் என்னிடம் வருகிறார்கள், வேண்டாம் என்று எழுந்து வந்தவர்களும் வருகிறார்கள். அதனால் எந்த வைத்தியத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: அதைச் செய்துகொண்டவர் ஒரு வருஷம் கழித்து எப்படி நடமாடுகிறார், அதே நோயோடு அதைச் செய்துகொள்ளாதவர் எப்படி இருக்கிறார்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். ஏழு வாரமாக இடது பின்தொடையில் ஆரம்பித்துக் கணுக்கால் வரை சுண்டி இழுக்கிறது. எல்4-எல்5 ஜவ்வு (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையில் இருப்பது) பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ.யில் வந்திருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். முதுகில் கத்தி வைத்தால் கால் விளங்காமல் போகும் என்று மாமனார் ஒரே பிடியாக நிற்கிறார். என்னங்க செய்யறது?

தம்பி, ஆபரேஷன் பேச்சுக்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுவோம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்கிறதா, அல்லது தெரியாமலே போய்விடுகிறதா? ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் தொட்டால் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா? இரண்டு காலுமே சோர்ந்துவருகிறதா? இதில் எது இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். இன்றைக்கே, நடுராத்திரி ஆனாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கீழ்முதுகில் இறங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதன் அடையாளம் அது. அங்கே தள்ளிப்போட்டால் சிறுநீர்ப்பை பழையபடி வேலை செய்யாமலே போகலாம்.

அடுத்தது கால் கட்டைவிரல். உங்களை மாதிரி ஒருவர் வந்தால் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெதுவாகத் தூக்குவேன். பாதி உயரம் வருவதற்குள் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு "போதும், போதும்" என்பார்கள். அது நரம்பு இழுபடும் வலி. அதற்கு நான் கவலைப்படுவதில்லை. பிறகு "கட்டைவிரலை உங்க மூக்கைப் பார்த்துத் தூக்குங்க" என்று சொல்லி, என் ஒரு விரலால் அதைக் கீழே அழுத்துவேன். பலமுள்ள கட்டைவிரல் அவ்வளவு லேசில் மடங்காது. அது தொய்ந்து இறங்கினால் எல்5 நரம்பு சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதே பிரச்சினைதான். அந்தப் பலம் நாளுக்கு நாள் குறைந்தால் காத்திருக்கக் கூடாது.

இதெல்லாம் இல்லை, வலி மட்டும்தான் என்றால், உங்கள் மாதிரி ஆட்களை வைத்தே நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்து 2007இல் வெளிவந்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை கடுமையான கால்வலியில் தவித்த 283 பேர். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதிக்கு மாத்திரை, நடமாட்டம், தைரியம் சொல்லல். தாங்கவே முடியாமல் போனால் மட்டும் ஆபரேஷன். ஆபரேஷன் பக்கம் இருந்தவர்களில் பாதிப் பேர் நான்கே வாரத்தில் தேறிவிட்டார்கள். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த நிலைக்கு வர பன்னிரண்டு வாரம் ஆனது. ஆனால் ஒரு வருஷம் முடிந்தபோது இரு பக்கமும் 95 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மீதிப் பேருக்குக் கத்தியே தேவைப்படவில்லை.

நார்வேயில் வெபர் என்ற மருத்துவர் 1983இலேயே ஏறக்குறைய இதைத்தான் காட்டினார். அவர் 126 பேரைப் பத்து வருஷம் விடாமல் தொடர்ந்தார். முதல் வருஷத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களே மேல். நான்காம் வருஷத்தில் வித்தியாசம் கரைந்துவிட்டது. பத்தாம் வருஷத்தில் ஒன்றும் இல்லை.

இது எப்படி நடக்கிறது? பிதுங்கிய ஜவ்வை உடம்பே வேண்டாத பொருளாகப் பார்த்து, ரத்தத்தின் வெள்ளையணுக்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கேட்கப் பயங்கரமாக இருக்கும் பெரிய பிதுக்கம்தான் அதிகம் கரைகிறது. பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2015இல் வந்த ஒரு கணக்கில், முழுதாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த துண்டு 96 சதவீதம் பேருக்குத் தானாகச் சுருங்கியிருந்தது. லேசான வீக்கமாக இருந்தவை சுருங்கியது 13 சதவீதம் பேருக்குத்தான். ரிப்போர்ட்டில் பெரிய வார்த்தை இருக்கிறது என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் சேதி இது.

அமெரிக்காவில் 11 மாநிலங்களில் 13 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய 'ஸ்போர்ட்' ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் வைன்ஸ்டீன் தலைமையில், 2000இல் ஆரம்பித்து 2006இல் முதல் முடிவுகள் வந்தன. சீட்டுக் குலுக்கியும் ஜனங்கள் அதன்படி நிற்கவில்லை. ஆபரேஷன் என்று வந்தவர்களில் இரண்டு வருஷத்தில் 60 சதவீதம் பேர்தான் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று வந்தவர்களில் 45 சதவீதம் பேர் செய்துகொண்டார்கள். வலி குறைகிறவன் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறான், தாங்க முடியாதவன் தேடிப் போகிறான். இதனால் கணக்கு குழம்பிப்போனது என்று அந்த ஆய்வைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில்தான் வெளிச்சம் தெரிகிறது. வலி போகும் திசையைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் அவர்கள். நீங்களும் அப்படித்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் மாமனார் சொல்வது போலக் கால் விளங்காமல் போவது இந்த ஆபரேஷனில் மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தை விடுங்கள். நடப்பது வேறு: சிலருக்குக் காயத்தில் சீழ் பிடிக்கலாம், நரம்பைச் சுற்றியிருக்கும் உறை கிழியலாம். அதே இடத்தில் ஜவ்வு மறுபடி பிதுங்கலாம். ஸ்போர்ட் ஆய்வில் எட்டு வருஷத்தில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது. இன்னொன்று, ஆபரேஷன் கால்வலிக்குத்தான் நன்றாகக் கேட்கும். இடுப்புவலியும் அதே கையோடு போய்விடும் என்று நம்பிப் படுக்காதீர்கள்.

என் அபிப்பிராயம் இது. ஏழாவது வாரம்தான் ஆகிறது. வலி போன வாரத்தைவிட இம்மியாவது குறைந்திருந்தால் பன்னிரண்டாவது வாரம் வரை பொறுங்கள். குறையவே இல்லை, தூக்கம் இல்லை, பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிறவருக்குக் கூலி போகிறது, வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்றால், இப்போதே செய்துகொள்வது தப்பில்லை. நான்கு வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதச் சம்பளக்காரருக்கு ஒன்று, உங்களுக்கு வேறு. அதற்காக வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டும் இருக்காதீர்கள். நான்கு மாதம் முதல் ஒரு வருஷம் வரை கால்வலியோடு இருந்த 128 பேரைக் கனடாவில் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 2.8 என்றார்கள், மற்றவர்கள் 5.2 என்றார்கள். அவ்வளவு நாள் ஆன பிறகு காத்திருப்பதில் லாபம் குறைவு.

படுத்தே கிடக்காதீர்கள். மெஷினுக்குத் திரும்பினால் ஒவ்வொரு பண்டில் முடிந்ததும் எழுந்து நாலு எட்டு நடங்கள். பெடலை மிதிக்கும் காலைத் தூரமாக நீட்டி வைக்காமல், ஸ்டூலை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

29 வயது, சென்னையில் ஐ.டி. வேலை. இடுப்புவலிக்கு ஸ்கேன் எடுத்தால் 'மூன்று டிஸ்க்கில் தேய்மானம்' என்கிறது. இந்த வயதிலேயே கிழவனாகிவிட்டேனா?

இல்லை. வலி என்றால் என்னவென்றே தெரியாத ஆட்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை 2015இல் ஒன்றுதிரட்டினார்கள்; மொத்தம் 3,110 பேர். அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். வலியே இல்லாமல் ஊரில் நடமாடுகிற பாதிப் பேரிடம் இருப்பதை உங்கள் வலிக்குக் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. காய்ச்சல், எடை குறைதல், ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காலில் பலக்குறைவு இதெல்லாம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஃபைலை பீரோவில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பியுங்கள்.

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 69. கடைத்தெரு வரை நடப்பதற்குள் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகிறது. எங்காவது உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. சைக்கிளில் மட்டும் எவ்வளவு தூரமும் போகிறார். ஒரு டாக்டர் நரம்புப் பாதையை அகலப்படுத்தினால் போதும் என்கிறார். இன்னொருவர் ஸ்க்ரூ, ராடு வைத்தே ஆக வேண்டும் என்கிறார். செலவு இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். யார் சொல்வதைக் கேட்பது? முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் பலன் உண்டா?

அப்பாவின் சைக்கிளே பாதி நோயைச் சொல்லிவிட்டது. குனிந்து இருக்கும்போது கீழ்முதுகில் நரம்பு போகும் பாதை சற்று விரிகிறது, நிமிர்ந்து நடந்தால் சுருங்குகிறது. கால் ரத்தக்குழாய் அடைப்பில் சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும். அதையும் ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டுப் பாதத்தில் நாடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனே வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. நரம்புப் பாதை சுருங்கும் இந்த நோயில் அவசரம் கிடையாது. பிட்ஸ்பர்க்கில் 169 பேரைப் பாதியாகப் பிரித்து ஒரு பக்கம் ஆபரேஷனும் மறு பக்கம் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து இரு குழுவின் நடமாட்டமும் ஒன்றுபோல இருந்தது. இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தாலும் மறு பாதியையும் சொல்லியாக வேண்டும்: பிசியோதெரபி பக்கம் இருந்தவர்களில் 57 சதவீதம் பேர் நடுவில் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆகவே பயிற்சியை ஒழுங்காக மூன்று மாதம் செய்து பாருங்கள். அப்பா நடக்கும் தூரம் கூடவில்லை, கோயில் குளம் என்று போக முடியாமல் வீட்டோடு முடங்குகிறார் என்றால் ஆபரேஷன் நல்ல வழிதான்.

இனி ஸ்க்ரூ. இதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது, ஏனென்றால் குடும்பங்கள் நகையை அடகு வைப்பது இந்த இடத்தில்தான்.

ஸ்வீடனில் 50 முதல் 80 வயது வரையான 247 பேருக்கு, எலும்பை மட்டும் செதுக்கிப் பாதையை அகலப்படுத்துவதா, கூடவே ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைப்பதா என்று சீட்டுக் குலுக்கினார்கள். முடிவு 2016இல் வந்தது. முதுகுவலி ஒருவரை அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு முடக்குகிறது என்பதை அளக்க ஆஸ்வெஸ்ட்ரி என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பெயருள்ள ஊரின் எலும்பு மருத்துவமனையில் பிறந்தது. நிற்பது, உட்காருவது, தூங்குவது, பளு தூக்குவது, பயணம் என்று பத்துக் கேள்வி. பூஜ்யம் என்றால் தொந்தரவு இல்லை, நூறு என்றால் படுத்த படுக்கை. (தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா என்று நான் கூடுதலாக ஒன்று கேட்பேன். நம் வீடுகளில் அது இல்லாமல் பந்தியும் இல்லை, பூஜையும் இல்லை.) இரண்டு வருஷம் கழித்து ஸ்வீடனில் ஸ்க்ரூ போட்டவர்கள் 27, போடாதவர்கள் 24. ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்த்ததிலும் வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் மட்டும் வேறு: ஸ்க்ரூவுக்கு 7.4 நாள், மற்றதற்கு 4.1 நாள். ரத்த இழப்பும் செலவும் கூடுதல்.

'அப்பாவுக்கு எலும்பு முன்னால் நழுவியிருக்கிறது, அதனால் ஸ்க்ரூ வேண்டும்' என்று சொல்லியிருப்பார்கள். அப்படி நழுவியவர்களை மட்டும் எடுத்து நார்வேயில் 16 மருத்துவமனைகளில் 267 பேருக்குப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் ஸ்க்ரூ இல்லாமல் 71.4 சதவீதம், ஸ்க்ரூவோடு 72.9 சதவீதம். மறு ஆபரேஷன் முதல் குழுவில் 12.5, இரண்டாவதில் 9.1. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் 66 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஸ்க்ரூ போட்டவர்களின் உடல்நிலை மதிப்பெண் சற்று மேலாக இருந்தது, மறு ஆபரேஷனும் குறைந்தது. அதனால் ஸ்க்ரூவே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு தாராளமாக ஆடினால், பாதையை அகலப்படுத்த மூட்டுகளை அதிகம் எடுக்க வேண்டி வந்தால், முதுகு கோணியிருந்தால், அதற்கு இடம் இருக்கிறது. இரண்டாவது டாக்டரிடம் கோபப்படாமல் இதையே கேளுங்கள்: "ஐயா, அப்பாவுக்கு எலும்பு எவ்வளவு ஆடுகிறது, அந்த எக்ஸ்ரேயைக் காட்டுங்கள்." காட்டி விளக்குகிறவரை நம்பலாம். அந்த எக்ஸ்ரேயே எடுக்காமல் ஸ்க்ரூ தேதி குறிக்கப்பட்டிருந்தால் நான் என் அப்பாவை அங்கே படுக்கவைக்க மாட்டேன்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதே நோய்க்கு 400 பேரிடம் பார்த்து 2014இல் வந்த ஆய்வில், மரத்துப்போகும் மருந்து மட்டும் போட்டவர்களைவிட ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டவர்கள் ஆறாவது வாரத்தில் பெரிதாகத் தேறவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் அது ஏறும். அவசியமில்லை என்பது என் எண்ணம்.

ரெண்டு வருஷமா இடுப்புவலி. பெல்ட் போட்டாச்சு, கரண்ட் வச்சாச்சு, இழுவை போட்டாச்சு. வைக்கிற அன்னைக்கு நல்லா இருக்கு, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடிங்குது. (திண்டுக்கல் வாசகி)

அக்கா, என் தொழிலைச் சேர்ந்த பலருக்குப் பிடிக்காத பதில்தான் இதற்கு இருக்கிறது. நாட்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி வெளியிட்டது. பெல்ட், இழுவை, அல்ட்ராசவுண்ட், நீங்கள் சொல்கிற கரண்ட் எதையுமே வழக்கமான வைத்தியமாக அது சிபாரிசு செய்யவில்லை. உடற்பயிற்சியையும் வலியைப் புரியவைக்கும் பயிற்சியையும் சிபாரிசு செய்கிறது.

நடையைப் பிடியுங்கள். வலியிலிருந்து தேறிய 701 பேரை ஆஸ்திரேலியாவில் இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலோடு நடைப்பயிற்சி கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறு மாதத்தில் வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி வரை கொண்டுபோவது திட்டம். நடக்காதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பியது. நடந்தவர்களுக்கு அந்தக் கணக்கு 208 நாள். 2024இல் வந்த முடிவு இது. உங்களுக்கு இன்னும் வலி இருப்பதால் பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். பெல்ட்டை ரொம்ப தூரம் பஸ்ஸில் போகும்போது வேண்டுமானால் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு 74. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பு ஒன்று நசுங்கிவிட்டது. மூன்று மாதம் ஆகிறது. வலி பாதி குறைந்திருக்கிறது. எலும்புக்குள் சிமென்ட் ஊசி போட்டால் அன்றே எழுந்து நடப்பார் என்கிறார்கள். போடலாமா?

மூன்று மாதம் கழிந்து, வலியும் குறைந்து வரும்போது வேண்டாம் என்பேன்.

காரணம் 2009இல் ஒரே நேரத்தில் வந்த இரண்டு ஆய்வுகள். ஒன்று மெல்பர்னில் ரேச்சல் புக்பைண்டர் நடத்தியது, 78 பேர். மற்றது கால்ம்ஸ் என்பவர் தலைமையில், 131 பேர். பாதிப் பேருக்கு நிஜச் சிமென்ட். மீதிப் பேருக்கு நடிப்பு: முதுகில் மரத்துப்போகும் மருந்து போட்டார்கள், கையால் அழுத்தினார்கள், சிமென்ட் நெடி அறை முழுக்கப் பரவட்டும் என்று அந்தத் திரவத்தைத் திறந்தும் வைத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் வலி குறைந்தது, ஒரே அளவுக்கு. சிமென்ட் போட்ட மறுநாள் பாட்டி எழுந்து நடந்ததை உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். நடிப்பு ஊசி போட்ட பாட்டிகளும் எழுந்து நடந்தார்கள் என்பதைத்தான் அந்த ஆய்வுகள் காட்டின. எலும்பு முறிந்து ஆறு வாரத்துக்குள், வலியில் புரளவே முடியாதவர்களுக்கு உதவும் என்று 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

நான் கவலைப்படுவது அடுத்த எலும்புக்கு. ஒன்று நசுங்கிய எலும்புக்காரருக்கு இன்னொன்றும் நசுங்கும் வாய்ப்பு அதிகம். சிமென்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் எலும்பை வலுவாக்கும் மருந்துக்கும் செலவிடுங்கள். சோலெட்ரானிக் அமிலம் என்ற, வருஷத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை 7,700க்கு மேற்பட்ட பெண்களுக்குப் பரிசோதித்து 2007இல் வெளியிட்டார்கள். மூன்று வருஷத்தில் புதிதாக முதுகெலும்பு நசுங்கியவர்கள் ஊசி போடாதவர்களில் 10.9 சதவீதம், போட்டவர்களில் 3.3 சதவீதம். சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி, பல் நான்கையும் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். அதை டாக்டர் முடிவு செய்வார். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

கல்லூரி மாணவன், 21 வயது. முதுகெலும்பில் டிபி என்று மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். கை கால் பலம் நன்றாக இருக்கிறது. ஆறு மாதம் அசையாமல் படுக்க வேண்டும், ஆபரேஷனும் செய்தால்தான் வேரோடு போகும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். படிப்பு என்ன ஆகும்?

தம்பி, காலேஜுக்குப் போகலாம். உன் கேள்விக்கான பதில் மெட்ராஸிலேயே கிடைத்தது.

சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையம் 1950களின் கடைசியிலேயே, நுரையீரல் டிபிக்கு சானடோரியத்தில் படுக்கவைத்தாலும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணம் ஒன்றுதான் என்று உலகத்துக்கே காட்டிய இடம். முதுகெலும்பு டிபியில் கொரியாவின் மசான் நகரில் ஆறு மாதப் படுக்கையையும் பூசானில் மாவுக்கட்டுச் சட்டையையும் சோதித்தார்கள். இரண்டாலும் கூடுதல் பலன் இல்லை. பிறகு மெட்ராஸில், கால் செயலிழக்காத நோயாளிகளை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்குப் பெரிய ஆபரேஷனும் ஆறு மாத மருந்தும். மற்ற இரண்டுக்கும் நடமாடிக்கொண்டே மருந்து மட்டும், ஆறு மாதம் அல்லது ஒன்பது மாதம். பத்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். பத்து வருஷம் என்பது லேசான வேலையா? வீடு மாறியிருப்பார்கள், கல்யாணமாகிப் போயிருப்பார்கள். தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் குழுவில் 90 சதவீதம், ஆறு மாத மருந்துக் குழுவில் 94, ஒன்பது மாத மருந்துக் குழுவில் 99 சதவீதம் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள்.

ஒரு விதிவிலக்கை அவர்களே சொன்னார்கள்: பதினைந்து வயதுக்குக் கீழே, ஆரம்பத்திலேயே கூன் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் குழந்தைகள். அவர்களுக்கு மருந்தால் கிருமி செத்தாலும் கூன் வளர்ந்துகொண்டே போகிறது. அப்படிப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் முதுகெலும்பு சர்ஜனிடம் காட்டாமல் இருக்கக் கூடாது. கோயம்புத்தூர் டாக்டர் எஸ். ராஜசேகரன், எந்தக் குழந்தைக்குக் கூன் முற்றும் என்பதை எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் அடையாளங்களை வகுத்தவர். உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது நம் நாட்டு வழிகாட்டியின்படி முதுகெலும்புக்கு 12 மாதம், தேவைப்பட்டால் 18 மாதம் மருந்து. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு, கேட்டு வாங்கு. மூன்றாம் மாதம் வலி போனதும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் திரும்ப வந்து நிற்கிறார்கள். நீ நிறுத்தாதே. கால் தடுமாறினாலோ, நடக்கும்போது விறைத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே போய்க் காட்டு. அப்போது ஆபரேஷன் தேவைப்படலாம்.

எனக்கு 12 வயசு ஆன்ட்டி. முதுகு வளைஞ்சிருக்கு, 28 டிகிரின்னு சொன்னாங்க. உடம்பைச் சுத்தி இறுக்கிக் கட்டுற பிரேஸ் போடணுமாம். ஸ்கூல்ல எல்லாரும் பார்ப்பாங்க. போடலைன்னா என்ன ஆகும்? (தூத்துக்குடி)

கண்ணு, நீயே கேட்டதால் உனக்கே பதில் சொல்கிறேன், அம்மாவுக்கு இல்லை.

உன் வயசுப் பிள்ளைகள் 242 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்த்தார்கள். எல்லாருக்கும் 20இலிருந்து 40 டிகிரிக்குள் வளைவு. வளைவு 50 டிகிரியைத் தொட்டால் ஆபரேஷன் பேச்சு வந்துவிடும். வளர்ச்சி முடியும்வரை அதற்குள் நின்றுவிட்டால் ஜெயித்த மாதிரி. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் ஜெயித்தார்கள், போடாதவர்களில் 48. ஆகவே போடாவிட்டால் கட்டாயம் மோசமாகும் என்று உன்னைப் பயமுறுத்த மாட்டேன்; போடாமலும் பாதிப் பேர் தப்பித்திருக்கிறார்கள். எந்தப் பாதியில் நீ இருப்பாய் என்று முன்கூட்டியே தெரியாது, அதனால்தான் போடச் சொல்கிறார்கள்.

உனக்குப் பிடிக்கிற சேதி இனிமேல்தான். பிரேஸுக்குள் வெப்பத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்கள், யார் நிஜமாகவே எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குள் போட்டவர்கள் போடாதவர்களைப் போலத்தான் இருந்தார்கள். சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஜெயித்தார்கள். டாக்டர் 18 மணி நேரம் என்று சொல்லியிருப்பார், அதுதான் சரியான இலக்கு. ஆனால் ஸ்கூலில் விளையாட்டு பீரியடில் கழற்றலாமா, ஆண்டு விழா டான்ஸுக்குக் கழற்றலாமா என்று நீ அவரிடம் தைரியமாகப் பேரம் பேசலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்வரை விடாமல் போட்டாலே கணிசமான நேரம் ஆகிவிடும்.

உள்ளே தையல் இல்லாத காட்டன் பனியன் போட்டுக்கொள். தூத்துக்குடி வெயிலில் வியர்க்கும். இரண்டு வேளை மாற்று. பிரேஸ் அழுத்தும் இடத்தில் பவுடரோ எண்ணெயோ தடவாதே, தோல் ஊறிப் புண்ணாகும். கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் செய்தவரிடம் போய் அந்த இடத்தைச் சரி செய்யச் சொல். நீ வளர்கிற பெண், ஆறு மாதத்தில் பிரேஸ் இறுக்கும். ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணி நேரம் போட்டாய் என்று எழுதிவைத்து அடுத்த எக்ஸ்ரேக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டு.